ஆற்றில் போட்ட சாவி

"மெதுவாங்க! பக்கத்து ரூம்ல ஆள் இருக்கு."

கதவோரம் காவல் நின்ற பெண் கிசுகிசுத்தாள். கட்டிலுக்கடியில் குப்புறக் கிடந்த ஆசாமியின் ஒரு கையில் டார்ச் லைட். மறு கையிலிருந்த கம்பி, இரும்புப் பெட்டியின் பூட்டைத் துழாவிக்கொண்டிருந்தது.

"பேசாம பெட்டிய அறுத்துடலாமே?"

"அறுத்தா தெருவே கூடிடும். அப்புறம் என் மானம் என்னாகறது?"

அவசரப்பட்டு போலீஸைக் கூப்பிட்டுவிடாதீர்கள். வீடு இவர்களுடையது, பெட்டியும் இவர்களுடையது. அந்தப் பூட்டைச் செய்தவரே கட்டிலுக்கடியில் கிடக்கும் இந்தப் பூட்டுக்காரர்தான்.

மகள் பிறந்த வருஷம், அவள் காலேஜ் படிப்புக்குப் பணம் சேர்க்க, மூடியில் பணம் போட மட்டும் ஒரு துளை வைத்து இந்தப் பெட்டியைச் செய்தார். இடையில் கை அரித்து எடுத்துவிடுவோமோ என்று பயந்து, சாவியை ஆற்றில் வீசிவிட்டார். "எவனாலயும் திறக்க முடியாது. செஞ்சவன் நான், வேணுங்கறப்ப திறந்துக்கறேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

மகளுக்கு காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. பணம் கட்ட இன்றுதான் கடைசி நாள். மூன்று மணிக்குக் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள், இப்போது ஒன்றரை.

"போன வாரம் பூரா பணம் பணம்னு நச்சரிச்சா. நாளைக்கு, நாளைக்குன்னு இழுத்தடிச்சீங்க" என்றாள் மனைவி.

"நானும் தினம் முட்டி மோதிக்கிட்டுதான் இருக்கேன். மசிய மாட்டேங்குதே!"

"பாவம், நாலு நாளா ஒரு வார்த்தை கேக்கல. நம்மள நம்பி நிம்மதியா உக்காந்திருக்கா. இருக்கிற ஹேர்பின்னையெல்லாம் தொலைச்சுட்டு, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டுத் திரியறா. அதையாவது என்னன்னு கேட்டீங்களா?"

பூட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தொழில் கத்துக்குடுங்கப்பான்னு பின்னாடியே வருவா. உனக்கெதுக்கு இது, போய்ப் படின்னு விரட்டுவேன். இப்ப படிக்கவும் அனுப்ப முடியலேன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ முன்னாடி நிப்பேன்?"

அப்போதுதான் 'கிளிக்' என்றது.

"பாத்தியா!" பூட்டுக்காரர் துள்ளியெழுந்ததில் கட்டில் தலையில் இடித்தது. அதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. "இந்த உலகத்துல இதைத் திறக்கற ஒரே ஆள் நான்தான்!"

மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரு ரூபாய்கூட இல்லை. மடித்த காகிதம் ஒன்றும், வளைந்து நெளிந்த ஹேர்பின் ஒன்றும் கிடந்தன.

"ஐயையோ, திருட்டுப் போயிடுச்சே!"

மனைவி காகிதத்தைப் பிரித்தாள். காலேஜ் ரசீது. முதல் வருஷப் பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது, மிச்சம் பேங்கில் போட்டாயிற்று என்று ஓரத்தில் மகளின் கையெழுத்து. தேதி நாலு நாளைக்கு முந்தையது.

அறை வாசலில் மகள் நின்றிருந்தாள், தலைமுடியை ஒரு கையால் ஒதுக்கியபடி.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேடி!" என்றாள் அம்மா.

"அப்பா மனசு ஒடைஞ்சு போயிடுவாரேன்னுதான்மா சொல்லல."

பிறகு, பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"நல்ல பூட்டுதான்ப்பா, முழுசா நாலு நிமிஷம் ஆச்சு."