நாற்பது சதவீதம்

விமானச் சரக்குக் கவுன்டரில், தன் அக்கா வீட்டுக்காரர் நீட்டிய படிவத்தை அவள் மூன்றாம் முறையாக, வரிக்கு வரி விரல் வைத்து வாசிக்கிறாள். அவர் ஏற்றுமதி செய்யும் பேட்டரிப் பெட்டிகள் கண்ணாடிக்கு வெளியே தள்ளுவண்டியில் காத்து நிற்கின்றன. விமானம் கிளம்ப முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது. அவர் விரல்கள் மேசையில் தாளம் போடுகின்றன. அவளுடைய பேனா ‘மின்னேற்றம்: நாற்பது சதவீதம்’ என்ற இடத்தில் வந்து நிற்கிறது.

“முப்பதுக்கு மேல சார்ஜ் இருந்தா ஏத்த முடியாது அத்தான். இன்னையிலேர்ந்து புது விதி.”

“போன வாரம்கூட ஏத்தினீங்களே!”

“அது போன வாரம்.”

இந்தப் புது விதியை அறிவித்த சுற்றறிக்கை போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவள் கைப்பைக்குள்தான் இருந்தது. காட்டலாம் என்று அவள் ஜிப்பைத் திறந்த நேரம் பார்த்து, “இவ வேலைக்கென்ன, முத்திரை குத்துறதுதானே? குரங்குகூடக் குத்தும்” என்று எல்லார் முன்னாலும் அவர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அவள் ஜிப்பை மூடிவிட்டாள்.

“நம்ம வீட்டுப் பொண்ணுதானே நீ, இந்த ஒரு தடவை குத்திவிடும்மா.” குரல் தேனாக இறங்குகிறது. பத்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து வரும் முதல் ‘அம்மா’ அது. அவள் அதை முழுசாகக் கேட்டுக்கொள்கிறாள். பிறகு மைப்பெட்டியைத் திறந்து, முத்திரையை நிதானமாக ஒற்றி எடுக்கிறாள். அவர் முகம் மலர்கிறது. ‘நிராகரிக்கப்பட்டது’ என்று படிவத்தில் சிவப்பாக விழுகிறது.

“குரங்கு குத்திடுச்சு அத்தான்” என்கிறாள்.