ஏரிக்கரை ரோட்டின் எதிரி

"இன்னொரு தபா போடுடி," என்றாள் சத்யப்பிரியா.

இசைவாணி போனை உயர்த்திப் பிடித்தாள். ஷிப்டு முடிந்து கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்திருந்த ஊர்ப் பெண்களெல்லாம் கழுத்தை நீட்டினார்கள். காலையில் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்த குரல் அது. வேன்காரர் முனிரத்தினத்தின் குரல்.

"சைக்கிளுக்குத் தனிப் பாதையாம்! வேனை எங்க நிறுத்தறது, இவங்க தலை மேலயா? இந்தப் பொம்பளைங்க லீவு வுட்டா தூங்குவாங்க, எழுந்தா சீரியல் பாப்பாங்க. கிராம சபைக்கு ஒருத்தி வரமாட்டா. வந்தா என் பேர மாத்தி வெச்சுக்கோங்க!"

"ரெண்டு வேனு இலவசமா ஏரிக்கரையில நிக்குது இல்ல, அந்தக் கொழுப்பு!" என்றாள் இசைவாணி.

சத்யப்பிரியாவுக்கு உடம்பே எரிந்தது.

படப்பை தாண்டி ஒரகடம் பக்கம் போகிறவர்களுக்கு அந்த ஏரிக்கரை ரோடுதான் குறுக்கு வழி. கம்பெனி பஸ்ஸும் டிப்பர் லாரியும் அதில்தான் பறக்கும். கரையோரம் நிற்கிற வண்டிகளைச் சுற்றிப் போக, சைக்கிள்கள் நடு ரோட்டுக்கு வந்தே ஆகவேண்டும். அப்படி வந்த ஜோதியை ஒரு பஸ் உரசிவிட்டுப் போனது. காலில் கம்பி வைத்து வீட்டில் கிடக்கிறாள்.

அதன் பிறகு இவர்கள் நடையாய் நடந்ததில், ஒன்றிய இன்ஜினியர் திட்டமே போட்டுவிட்டார். ஏரிப் பக்கம் தடுப்புக் கல் வைத்துச் சைக்கிள் பாதை. வளைவில் வேகத்தடை. வண்டிகள் நிறுத்த ஊர்க்கோடி மைதானம். கிராம சபைத் தீர்மானம் ஒன்றுதான் பாக்கி.

அதற்கு இருநூறு பேர் வந்து உட்காரவேண்டும். மே தினத்தன்று ஆள் சேரவில்லை, கூட்டம் கலைந்தது. சுதந்திர தினத்தன்றும் அதே கதை. காந்தி ஜெயந்தியும் கைவிட்டுப் போனால் திட்டம் வேறு ஊருக்கு.

இரண்டு முறையும் சத்யப்பிரியாதான் குரூப்பில் கும்பிடும் கைகளோடு அழைப்பு அனுப்பினாள். எல்லாரும் கட்டை விரலை உயர்த்தினார்கள். அதோடு சரி. கிடைத்த ஒரு நாள் லீவில் துணி துவைப்பதா, கூட்டத்துக்குப் போவதா?

ஆனால் இன்றைக்குக் காற்று வேறு மாதிரி அடித்தது.

"நான் சீரியலே பாக்கறதில்லடி! யாரைப் பாத்து இன்னா பேச்சு பேசறான்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி குதித்தாள்.

"துணி கெடக்கட்டும், நான் வரேன். என் மாமியாரையும் இட்டாரேன். அது வாயத் தொறந்தா இந்த ஆளு தாங்கமாட்டான்!"

காந்தி ஜெயந்தியன்று பந்தல் கொள்ளவில்லை. பள்ளிக்கூட பெஞ்சுகளைத் தூக்கிவந்து போட்டும் இடம் போதவில்லை. ஜோதி ஆட்டோவில் வந்து, இரண்டு பேர் தோளைப் பிடித்து இறங்கினாள்.

முன் வரிசையில் முனிரத்தினம், கால் மேல் கால் போட்டுக்கொண்டு.

"இன்னாண்ணா, புதுப் பேரு இன்னா வெக்கலாம்?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"ஏதாவது சீரியல் பேரா பாத்து வெய்யி!"

பந்தலே அதிர்ந்தது.

"ஏம்பா, வேனை எங்க நிறுத்தறதுன்னு கேட்டது ஒரு குத்தமா?" என்று எழுந்தார் முனிரத்தினம்.

"உக்காருய்யா!"

உட்கார்ந்தார்.

தலைவர் தீர்மானத்தைப் படித்துவிட்டு, "ஆதரிக்கறவங்க கை தூக்குங்க," என்றார். வளையல் சத்தத்தில் மைக் அமுங்கிப்போயிற்று. எண்ணிப் பார்க்க வந்தவர் பாதியில் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

"ஏகமனதாக நிறைவேறியது!"

வெளியே நின்ற சைக்கிள் மணிகளை யாரோ அடிக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் எல்லா மணிகளும். ஜோதி அழுதுகொண்டே சிரித்தாள்.

சத்யப்பிரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்த வெற்றியை அந்த ஆள் முகத்துக்கு நேரே காட்டாமல் விடுவதில்லை என்று ஏரிக்கரைக்குப் போனாள். கரை வெறிச்சென்று கிடந்தது. வேன்களைக் காணோம். மதகுக் கட்டையில் உட்கார்ந்து தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார் முனிரத்தினம்.

"இன்னாண்ணா, தோத்ததும் வேனுங்களைக் கிளப்பிட்டீங்களா?"

"காலைலயே மைதானத்துல கொண்டுபோய் போட்டுட்டேம்மா."

"காலைலயேவா?" அவள் நின்றாள். "கூட்டமே இப்பத்தானே நடந்துது? பாஸாவும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் டீயை ஆற்றினார்.

"ஜோதி வுழுந்த அன்னிக்கு, அந்த பஸ்ஸுக்குப் பின்னாடி வந்தது என் வேனு. பிரேக்கு புடிச்சுது, நின்னுச்சு. அதுலேர்ந்து உங்க சைக்கிளுங்களைத் தாண்டற வரைக்கும் எனக்கு மூச்சே வராது, பொண்ணு."

"அப்புறம் ஏண்ணா அப்படிப் பேசினீங்க? ஊரே உங்களைக் காறித் துப்புது!"

"துப்பட்டுமே. நீ ரெண்டு தபா கும்புட்டுக் கூப்ட்டே, ஆளே வரல," என்றார் முனிரத்தினம். "நான் ஒரே ஒரு தபா திட்டினேன்."