ஜெபக்குறிப்பு

அவள் முழங்காலிட்டதும் தலைமேல் கைகள் வந்து அமர்ந்தன.

முதலில் ஆயருடைய கை. கனமானது. பிறகு டாக்டரம்மாவுடையது. பிறகு யார் யாருடையதோ.

ஞாயிறு ஆராதனை முடிந்தும் சபையார் கலையவில்லை. வியாழக்கிழமை மிஷனரிக் குழு மலாவிக்குப் புறப்படுகிறது. ஏழு பேர். மூன்று விமானம் மாறி, ஒரு பகல் முழுக்க ஜீப்பில் போனால்தான் அந்த ஆஸ்பத்திரி. இரண்டு வருட ஊழியம். ஏழு பேரில் நர்ஸ் அவள் ஒருத்திதான்.

கடைசியாக இன்னொரு கை வந்தது.

தலையில் இல்லை. தோளில்.

கண்ணைத் திறக்காமலே தெரிந்துவிட்டது. நர்ஸிங் படித்த நாளெல்லாம் விடிகாலையில் அவளை உலுக்கி எழுப்பிய கை.

எப்சிபா வந்திருக்கிறாள்.

*

ஹாஸ்டலில் ஒரே அறை. பிறகு ஒரே ஆஸ்பத்திரி. குழுவில் சேர விண்ணப்பம் போட்டதும் ஒரே நாளில்தான்.

நர்ஸுக்கு இருந்தது ஒரே இடம்.

அது எப்சிபாவுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆபரேஷன் தியேட்டரில் ஐந்து வருடம் நின்றவள். சிக்கலான பிரசவம் என்றால் டாக்டர்களே அவளைத் தேடுவார்கள்.

இவளும் அப்படித்தான் நினைத்தாள். நேர்காணல் அறைக்குள் நுழையும்வரை.

கேள்விகள் முடிந்து அவள் எழுந்திருக்கிற நேரத்தில், குழுவின் செயலர் ஞானதுரை அங்கிள் டைரியைத் திறந்து, எல்லோரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டார். ஜெபக்குறிப்பு ஏதாவது உண்டா?

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"எப்சிபாவுக்காக ஜெபிச்சுக்கோங்க அங்கிள். அவளுக்கு வலிப்பு வரும்."

மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது எப்சிபா அவளிடம் மட்டும் சொன்னது அது. கடைசியாக வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. மாத்திரையைக்கூட டாக்டர் நிறுத்திவிட்டார்.

முன்பு வந்தது என்று சொல்லியிருக்கலாம்.

வரும் என்றாள்.

சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்றும் உடம்பு கூசுகிறது.

அடுத்த வாரம் பட்டியலில் அவள் பெயர் வந்தது.

அதே வாரம் ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் எப்சிபாவின் பெயரும் வந்தது. வலிப்பு நோயிலிருந்து சகோதரிக்குப் பூரண விடுதலை கிடைக்க ஜெபிப்போம் என்று. வரிசையாக எல்லோரும் ஆமென் போட்டிருந்தார்கள்.

அவளும் போட்டாள்.

சேதி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர அதிக நாள் ஆகவில்லை. எப்சிபாவைத் தியேட்டரிலிருந்து எடுத்து, நோயாளிகளின் பழைய கோப்புகள் இருக்கும் அறையில் உட்காரவைத்தார்கள்.

*

ஜெபம் முடிந்தது.

கைகள் ஒவ்வொன்றாக விலகின. தோளில் இருந்தது ஒருமுறை அழுத்திவிட்டு விலகியது.

அவள் எழுந்தாள். வாழ்த்துச் சொல்ல வந்தவர்களை விலக்கிக்கொண்டு ஓடினாள். கோயில் வாசலில் எப்சிபா குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தான்டி அங்கிள்ட்ட சொன்னேன்."

எப்சிபா வாரை மாட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"தெரியும். அவரு வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணும்போதே உன் பேரைச் சொல்லித்தான் பண்ணுனாரு. எனக்காக இவ்வளவு பாரப்படுற ஒரு சிநேகிதியைத் தந்ததுக்கு ஸ்தோத்திரம்னு."

"தெரிஞ்சுமா வந்த?"

"தூரமா போறல்ல."

அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

திட்டியிருக்கலாம். எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

அவள் திரும்பி உள்ளே நடந்தாள். பீடத்துக்குப் பக்கத்து அறையில் ஞானதுரை அங்கிள் மருந்துப் பெட்டிகளில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எப்சிபாவுக்கு வலிப்பு வராது அங்கிள். நின்னு ஆறு வருஷமாச்சு. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன். எனக்குப் பதிலா அவளை அனுப்புங்க."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஏம்மா இப்படிப் பண்ணுன?"

வெளியே பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் சத்தம் கேட்டது.

"அந்தப் பிள்ளை வீட்டுக்கு நான் போறேன். ஆஸ்பத்திரியிலயும் பேசுறேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. பிறகு மெதுவாக, "ஆனா இப்ப ஆளை மாத்த முடியாதும்மா. உன் பேர்ல விசா வந்தாச்சு. நர்ஸ் இல்லாம ஆறு மாசமா அங்க பிரசவ வார்டைப் பூட்டி வச்சிருக்காங்க. நீதான் போகணும்."

எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தாள். ஏச்சுக்கு. சபையில் தலைகுனிந்து நிற்பதற்கு. பயணம் நின்றுபோவதற்கு.

நீதான் போகணும் என்ற சொல் தன்னைச் சுடும் என்று காத்திருந்தாள்.

சுடவில்லை.

நெஞ்சில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று மெல்லத் தளர்ந்தது. மூச்சு இலேசாக வந்தது.

முகத்தில் அது தெரிந்துவிடுமோ என்று சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"அழாதம்மா" என்றார் அங்கிள்.

அவள் அழவில்லை.

முகத்தை மட்டும் நிமிர்த்தவேயில்லை.