இனி துணிப்பைதான்

"நாளைக்கு நோட்டரிகிட்ட வீட்டுப் பத்திரத்தக் காட்டலேன்னா, எங்கண்ணன் நம்மளத் தெருவுல நிறுத்திடுவான். எங்க ஒளிச்சு வச்சிருக்க, கெழவி?" என்று கேட்டார் ரொசெந்தோ.

"உன்கிட்ட சொன்னா, ரெண்டு கிளாஸ் உள்ள போனதும் அவன்கிட்டயே உளறிடுவியே, கெழவா!"

ஊரிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த கிரிசெல்டா சிரித்தபடி அடுக்களைக் கதவைச் சாத்தினாள். கதவுக்குப் பின்னால் வெறும் ஆணி.

"இங்க தொங்குன பை எங்க? பழைய பிளாஸ்டிக் பையெல்லாம் திணிச்சு வச்சிருந்தேனே?"

ரொசெந்தோ நெஞ்சை நிமிர்த்தினார். "இனி நம்ம வீட்டுல துணிப்பைதான்! அதைத் திங்கக்கிழமையே மறுசுழற்சிக்குக் கொடுத்துட்டேன். இந்நேரம் அரைச்சே முடிச்சிருப்பாங்க."

கிரிசெல்டா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தப் புவெப்லா நகரத்துல எந்த வீட்டுலயும், எந்தக் காலத்துலயும் யாரும் தூக்கிப் போடாத ஒரே சாமான் அதுதானேன்னு நம்பித்தானே அதுக்குள்ள வச்சேன்..."