நாக்கறுத்த பங்களா

"அந்த பங்களாவுக்கா போறீக? வேணாம் சார்" என்றார் டீக்கடை பெரியகருப்பன்.

மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்திருந்த உமேஷ் வாத்தியாருக்கு அந்த ஒரு வீடுதான் பாக்கி.

"ஏண்ணே, அங்க யாரும் இல்லையா?"

"மனுசர் இல்ல. அந்தக் காலத்துல ஜமீன்தாரு தன் பொண்டாட்டி நாக்க அறுத்து, உசுரோட சுவத்துல வச்சுப் பூசிட்டாரு. ஆறு மாசமா அவ பேசுறா. நாக்குதான் இல்லையே, ஒரு வார்த்தை விளங்காது. ஊரே கேட்டிருக்கு."

பட்டப்பகல்தான். ஆனாலும் உமேஷ் கேட்டைப் பாதி திறந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நுழைந்தார். உள்ளே ஒரு பெண் குரல் ஆங்காரமாய்க் கத்தியது. ஓடத் திரும்பியவர் அப்படியே நின்றார். போன உயிர் திரும்பி வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

'ஈரத்துண்டைக் கட்டிலில் போடாதே என்று எத்தனை தடவை சொல்வது?'

வீட்டில் அவருடைய அம்மா அப்பாவைத் திட்டுகிற அதே பாஷை!

"அக்கா, உள்ளே வரலாமா?" என்று அவரும் அந்த பாஷையிலேயே கேட்டார்.

ஆறு மாதமாகப் பங்களாவுக்குக் காவலிருந்த ஹம்சவேணியும் அவள் புருஷனும் காபி கொடுத்து உபசரித்தார்கள். பேய் இல்லையென்று மட்டும் வெளியே சொல்லிவிடாதே தம்பி, இங்கே சாராயம் குடிக்க வருகிறவர்கள் இப்போதுதான் ஒழிந்தார்கள் என்று அவள் கெஞ்சினாள்.

டீக்கடையில் பெரியகருப்பன் காத்திருந்தார்.

"பேச்சு கேட்டுச்சா சார்?"

"கேட்டுச்சுண்ணே."

"ஏதாச்சும் விளங்குச்சா?"

"ஒரு எழுத்து விளங்கல" என்றபடி உமேஷ் படிவத்தைப் பைக்குள் செருகினார்.

அதில் தாய்மொழி என்ற இடத்தில் 'சௌராஷ்டிரம்' என்று எழுதியிருந்தது.