அலகில் இருந்த பழம்

புது மாநிலத்துக்குச் சின்னம் இருவாச்சிப் பறவை என்று முடிவானது. போட்டோ எடுக்கத்தான் என்று அதிகாரி சொன்னதை நம்பி, அது கூடு வைத்திருந்த மரத்தைக் காட்டுவாசி மாதையன் காட்டிக்கொடுத்தான். பொந்தின் வாசலை மண்ணும் எச்சமும் பூசி அடைத்துக்கொண்டு உள்ளே பெட்டை அடைகாத்தது. விட்டிருந்த சின்னப் பிளவு வழியாக அதற்கு ஊட்ட, ஆண் பறவை அத்திப்பழத்தோடு வந்து இறங்கியது. துப்பாக்கி வெடித்தது.

“போட்டோன்னுதானே சார் சொன்னீங்க?”

“பஞ்சடைச்சு சட்டசபையில வைக்கப்போறோம்யா. உங்க காட்டுக்கே கௌரவம்.” அதிகாரி கீழே விழுந்த பறவையைக் குனிந்து பார்த்தார். “பழம் அலகுலயே இருக்கட்டும். எடுப்பா இருக்கு.”

ஜீப் போனதும் மாதையன் மடி நிறைய அத்திப்பழம் பொறுக்கிக்கொண்டு மரமேறினான். ஆண் பறவை வந்ததும் தட்டுவதைப் போலவே பட்டையில் தட்டினான். பிளவு வழியே அலகு உடனே நீண்டது, கொஞ்சமும் சந்தேகப்படாமல்.