ஒரு முழ வாய்க்கால்

ஹிஸாமைப் போல ஒரு வம்புக்காரனை இந்த ஏமன் மலைப்பக்கமே பார்த்ததில்லை என்று முக்பில் சத்தியமே செய்வான்.

அப்படி என்ன வம்பு? ஒரு முழ வாய்க்கால். இரண்டு பேருடைய சோள வயலுக்கும் நடுவே மழைத்தண்ணீர் ஓடுகிற பள்ளம். அப்பா காலத்திலிருந்தே அது முக்பில் குடும்பத்தினுடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று ஒருநாள், அது தன்னுடையது என்று ஊர்த் தலைவர் ஷேக் தஹ்மானிடம் போய் நின்றார் ஹிஸாம்.

வழக்கு என்று வந்துவிட்டால் இரண்டு தரப்பும் துப்பாக்கியை ஷேக்கிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வழக்கு முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். அதை மீறியவன் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

வழக்கு முடிந்தால்தானே? தீர்ப்பு நெருங்கும்போதெல்லாம் புதுச் சாட்சி இருக்கிறது என்பார் ஹிஸாம். ஒரு சாட்சிக்குக் காது கேட்காது. இன்னொருவர், விசாரித்துப் பார்த்தால், செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

கல்யாண வீடுகளில் ஆண்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்துச் சுடும்போது, முக்பில் இடுப்புக் கத்தியோடு ஓரமாக நிற்பான். நீ கையாவது தட்டு மாப்ளே என்று மச்சான்கள் கேலி செய்வார்கள். இன்னொரு துப்பாக்கி வாங்க அவனுக்கு வசதியில்லை. அந்த எரிச்சலையெல்லாம் சேர்த்து, ஹிஸாமை வழியில் பார்த்தால் காறித் துப்புவான். அவருடைய சலாமுக்குப் பதில்கூடச் சொல்லமாட்டான். ஊரும் அவன் பக்கம்தான். மதியம் எல்லோரும் காட் என்கிற போதை இலையை மென்றபடி உட்காருகிற கூடத்தில் ஹிஸாமுக்கு யாரும் நகர்ந்து இடம் விடுவதில்லை.

நேற்று முக்பிலின் ஐந்து வயது மகள் அர்வா, வாய்க்கால் பத்திரத்தின் ஓரத்தில் கரித்துண்டால் ஒரு கோழி வரைந்து வைத்தாள். முக்பில் பதறிப்போனான். சந்தைக்கு ஓடி, அங்கே இருந்த ஒரே இரும்புப் பெட்டியை, அது ஆள் நீளத்துக்கு இருந்தாலும் பரவாயில்லை என்று, பூட்டோடு வாங்கித் தோளில் சுமந்து வந்தான். வழியில் ஹிஸாம் நின்று பார்த்தார். வழக்கம்போலத் துப்பிவிட்டு நடந்தான். பத்திரத்தை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

இன்று காலையில் ஷேக் இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார்.

"வாய்க்கால் முக்பிலோடதுதான்," என்றார் ஹிஸாம், அத்தனை பேருக்கும் முன்னால். "நான் சொன்னதெல்லாம் பொய்."

செய்த தப்புக்கு ஈடாக, தன்னிடமிருந்த ஒரே காளையை முக்பில் வாசலில் அறுக்கவும் ஒப்புக்கொண்டார்.

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்த முக்பில் அவரை மறித்தான்.

"ரெண்டு வருஷமா வராத புத்தி, இன்னிக்கு எங்கேருந்து வந்துச்சு?"

ஹிஸாம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ரெண்டு வருஷம் முன்னாடி உன் வீட்டுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கா? நீங்கள்லாம் முற்றத்துல பேசிக்கிட்டிருந்தீங்க. உள்ளே உன் பொண்ணு, மூணு வயசு, துப்பாக்கிக் குழாயில வாயை வச்சு ஊதிக்கிட்டிருந்தா. குண்டு போட்ட துப்பாக்கி. மெதுவா பிடுங்கி மேலே வச்சுட்டு, பூட்டி வையுன்னு உன்கிட்ட சொன்னேன். நீ என்ன சொன்னே?"

முக்பிலுக்கு நினைவு வந்தது. துப்பாக்கியைப் பெட்டியில் பூட்ட இது என்ன பொம்பளைங்க வளையலா என்று கேட்டுவிட்டு, விருந்தாளிகளோடு சேர்ந்து சிரித்திருந்தான். மறுநாள்தான் ஹிஸாம் வழக்குப் போட்டார்; துப்பாக்கி ஷேக்கிடம் போனது.

எத்தனை நாள் துப்பியிருப்பான், எத்தனை சலாம்களை மதிக்காமல் போயிருப்பான். எதிரே நிற்கிறவரை நிமிர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா என்று மலைத்துப்போய் நின்றான்.

"அதுக்காகவா அண்ணே, ஊர்ப் பேச்செல்லாம் கேட்டுக்கிட்டிருந்தீங்க?"

"நேத்து பெட்டியோட போனியே, பார்த்தேன்," என்றார் ஹிஸாம். "எதுக்குன்னு சந்தையில விசாரிச்சேன். புள்ளை கை படக்கூடாதுன்னு காகிதத்துக்கே பூட்டுப் போடுறவன், இந்தத் துப்பாக்கிக்குப் போடமாட்டானா? இனிமே எனக்கு அந்த வழக்கு எதுக்கு?"